தேதி போடாத ராஜினாமா

மார்ச் 3

இன்று தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகவில்லை, லீவு. பஞ்சாயத்து ஓவர்சியர் வந்து அங்கன்வாடியின் பின்பக்கம் டேப் பிடித்து அளந்தார். மண்மேடு சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. போன மழையில் விழுந்த விரிசலுக்குள் என் விரல் போகிறது. பதினொரு பிள்ளைகள் மத்தியானம் படுத்துத் தூங்குவது அந்தச் சுவரோரம்தான்.

“ஏப்ரலில் பணம் கிடைத்தால் மழைக்கு முன்னால் தடுப்புச் சுவரை முடித்துவிடலாம், மெம்பரே” என்றார். பணம் கிடைக்க பஞ்சாயத்து பட்ஜெட் பாஸாக வேண்டும். ஆளுவது எங்கள் கட்சிதானே, பாஸாகாமல் எங்கே போகும்?

ஆனந்தி டீச்சர் கட்டன் சாயா போட்டுத் தந்தாள். தேர்தலில் எனக்காக தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாக ஏறி இறங்கியவள். “இந்தச் சுவரு வந்துட்டாப் போதும்க்கா. அடுத்த எலெக்சன் வரைக்கும் உங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றாள். கேட்டால்தான் என்னவாம்?

மார்ச் 9

பட்ஜெட்டின் நகல் கையில் வந்தது. முழுக்க மலையாளம், கேரளாப் பஞ்சாயத்து அல்லவா. எழுத்துக்கூட்டி நானே கண்டுபிடித்தேன், முப்பத்தொன்றாம் பக்கம், என் வார்டு, என் சுவர்! இவரிடம் காட்டினேன். ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த மனுசன், “சரி, மொதல்ல கஞ்சிய ஊத்து” என்கிறார்.

மார்ச் 14

கட்சி ஆபீசில் ஒரே கூச்சல். பஞ்சாயத்துத் தலைவர் ஜின்சனுக்கு டவுனில் மார்க்கெட் கட்டடம் வேண்டும். உபதலைவர் சுடலைமணி அண்ணாச்சிக்கு தோட்டத்து மேல் டிவிஷனுக்கு ரோடு வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை. பட்ஜெட்டை வாசிக்க வேண்டியவர் உபதலைவர். அவரே, “நான் வாசிக்க மாட்டேன், முடிஞ்சா பாஸாக்கிப் பாருங்கவே” என்று துண்டை உதறிவிட்டு எழுந்து போனார்.

ரெண்டு பேரும் ஒரே கொடிக்குக் கீழே நின்றுதான் ஓட்டுக் கேட்டார்கள். என்ன கூத்து இது!

மார்ச் 15

ஒன்றும் ஓடவில்லை. முப்பது கிலோ கொழுந்துகூட எடுக்கவில்லை. சூப்பர்வைசர் முறைத்தான்.

மார்ச் 19

அண்ணாச்சி வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு சீட் வாங்கிக் கொடுத்தவர். அதை மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

“இருபத்தாறாந்தேதி மீட்டிங்குக்கு நீயும் சின்னமுத்துவும் போகாதீக. நானும் போகல” என்றார். சின்னமுத்து ஏழாம் வார்டு மெம்பர், அண்ணாச்சி நில் என்றால் நிற்பான். “அண்ணாச்சி, என் சுவரு அந்த பட்ஜெட்லதான இருக்கு” என்றேன். “எல்லாம் நான் வாங்கித் தாரேன். முதல்ல ஜின்சன் இறங்கி வரட்டும்.” மழை காத்திருக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். “தாயி, நாமினேசன் அன்னைக்கு ஒரு காயிதத்துல கையெழுத்துப் போட்டியே, அது என் பீரோவுல பத்திரமா இருக்கு.”

 தேதி போடாத ராஜினாமா. அவரே ஒரு தேதி போட்டுக் கொடுத்தால் என் பதவி போச்சு. அண்ணாச்சி சீட் வாங்கிக் கொடுத்த எல்லாரிடமும் வாங்கினார்கள். வழக்கம்தான், சும்மா ஒரு நம்பிக்கைக்கு என்றார்கள். நானும் பேனாவை வாங்கி மடமடவென்று போட்டுக் கொடுத்தேன். கூறு கெட்டவள்.

மார்ச் 22

மாவட்டக் கமிட்டி வாயே திறக்கவில்லை. இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று விப் கொடுத்தால் ஒருத்தர் கோபித்துக்கொள்வாராம். உபதலைவர் வராவிட்டால் தலைவரே பட்ஜெட்டை வாசிப்பாராம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் பதினாலு பேர். நாங்கள் எட்டு, எதிர்க்கட்சி ஆறு. நாங்கள் மூன்று பேரும் போகாவிட்டால் ஐந்துக்கு ஆறு, பட்ஜெட் தோற்கும். நான் ஒருத்தி மட்டும் போய்க் கை தூக்கினால் ஆறுக்கு ஆறு. சமமானால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு, பாஸ்.

என் ஒரு கைதான். அது இவ்வளவு கனக்கும் என்று யார் கண்டது?

மார்ச் 25

இவரிடம் சொன்னேன். “மெம்பர் பதவி போனாப் போவுது, தேயிலைக்கு மருந்தடிச்சுப் பொழச்சுக்கிடலாம். ஆனா அண்ணாச்சியப் பகைச்சுக்கிட்டு இந்த லயத்துல இருக்க முடியுமா புள்ள? யோசிச்சுக்கோ” என்றார். யோசிச்சுக்கோ, யோசிச்சுக்கோ! இதைச் சொல்ல ஒரு புருசன் வேணுமா?

பதவிமேல் எனக்கு ஆசை இல்லை என்று எழுத நினைத்தேன். பொய். இருக்கிறது. கங்காணி முதல் மானேஜர் வரை ‘மெம்பர்’ என்கிறார்கள். இருபது வருசம் ‘ஏய்’ என்று கூப்பிட்டவர்கள்.

மார்ச் 26

புடவை கட்டிப் புறப்பட்டேன். பஞ்சாயத்து ஆபீஸ் கேட் வரைக்கும் போனேன். எதிர்ச் சாயாக்கடையில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டார்.

போய் உட்கார்ந்துவிட்டேன்.

பதினொன்றே காலுக்குச் செய்தி வந்தது. ஐந்துக்கு ஆறு. சின்னமுத்து எனக்கு ஒரு பருப்பு வடை வாங்கித் தந்தான். தின்றேன். சீ.

மார்ச் 27

ஆனந்தி வந்தாள். “உங்களுக்கு மேலுக்குச் சொகமில்லயாக்கா? மீட்டிங்குக்குப் போகலன்னு சொன்னாக” என்றாள். ஆமாம், காய்ச்சல் என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 28

இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள்! அண்ணாச்சியும் ஜின்சனும் தோளில் கை போட்டு போட்டோ எடுத்திருக்கிறார்கள். மார்க்கெட்டும் உண்டு, ரோடும் உண்டு. சாயங்காலமே மறுபடி மீட்டிங். பட்ஜெட்டை அண்ணாச்சியே கணீரென்று வாசித்தார். எட்டுக் கை தூக்கினோம், பாஸ். என் கையும்தான்.

வெளியே வந்து புது பட்ஜெட் புத்தகத்தைப் புரட்டினேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் வேறு வார்டின் சாக்கடை. முன்னும் பின்னும் மூன்று தடவை தேடினேன். சுவர் இல்லை. அண்ணாச்சியிடம் ஓடினேன். “ரெண்டு பெரிய வேலைக்குப் பணம் தேத்தணும்ல தாயி. சின்னது சின்னதா எட்டு வேலையத் தள்ளி வச்சிருக்கு. அடுத்த வருசம் மொத வேலை உனக்குத்தான்.” காரில் ஏறிப் போய்விட்டார்.

தூக்குவதற்கு முன்னால் படித்தாயா மாரித்தாய்? அவர் வாசித்தால் சரியாக இருக்கும் என்று நினைத்தாயா?

மார்ச் 29

செக்ரட்டரி மேடத்திடம் போய் எல்லாவற்றையும் கேட்டேன். சுவரைச் சேர்க்க வழியில்லை என்றார். எழுந்து வரும்போது, அண்ணாச்சி பெயர் சொல்லாமல், தேதி போடாத ராஜினாமாவைப் பற்றியும் கேட்டேன். மேடம் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: “அது வெறும் கடலாஸ் மாரித்தாய். ராஜினாமான்னா அதுக்குண்டான ஃபாரத்தில், கெசட்டட் ஆபீசர் முன்னாடி ஒப்பு வைக்கணும், கையெழுத்து. உங்களுக்கு இஷ்டமில்லாம யாரும் கொண்டுவந்து தர முடியாது.”

வெறும் கடலாஸ். வெறும் காகிதம்.

பஸ்ஸில் சத்தமாக அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா யார் செத்தது என்று கேட்டார்கள்.

ஏப்ரல் 2

ஆனந்தியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். காய்ச்சல் இல்லை, சாயாக்கடையில் இருந்தேன், என் ஒரு கை போதுமாக இருந்தது, பயந்துவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் பிள்ளைகளின் பாயை உதறிக்கொண்டிருந்தாள். உதறி முடித்து, மடித்து, அடுக்கினாள். “ரசம் வச்சுக் குடுத்தேனேக்கா” என்று மட்டும் சொன்னாள்.

மே 30

இந்த வருசம் மழை முன்கூட்டியே. கலெக்டருக்கு மனு எழுதி ஆறு வாரம் ஆகிறது. பதில் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

விடிகாலை நாலரைக்குச் சத்தம் கேட்டது. ஓடினோம். பின்சுவர் மொத்தமும் உள்ளே விழுந்து, பாய் அடுக்கும் இடத்தில் ஜன்னல் உயரத்துக்குச் சேறு. ஞாயிற்றுக்கிழமை. இதே மண் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வந்திருந்தால்? எழுதக் கை வரவில்லை.

அண்ணாச்சி போட்டோக்காரனோடு வந்து, பக்கத்தில் நில் என்றார். மாட்டேன் என்றேன், எல்லார் முன்னாலும். “காயிதம் ஞாபகம் இருக்கா?” என்று காதோடு கேட்டார். “கொண்டுபோய்க் குடுங்க அண்ணாச்சி” என்றேன். இதைச் சொல்ல மூன்று மாசம் பிந்திவிட்டது. சொல்லி என்ன பிரயோசனம்.

பிள்ளைகளை வைக்க இடம் இல்லை. எங்கள் முன்னறையை எடுத்துக்கொள் என்று ஆனந்தியிடம் சொன்னேன். சேற்றிலிருந்து ஒரு பாயை இழுத்தெடுத்தாள். “சரி. ஆனா நாங்க வாற நேரம் நீங்க ஊட்ல இருக்காதீக” என்றாள்.

ஜூன் 16

ஏழு மணிக்கே கதவைத் திறந்து, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போனேன். சாயங்காலம் வந்தபோது வீடு கூட்டிப் பெருக்கியிருந்தது. ஆனந்தி சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.