ஏழாவது மாதிரி இடம்

செவ்வாய், மூன்றாம் குவிமாடம், செயற்கை ஓடை நிலையம். ஆய்வு மாணவி ஜெனோவாவின் பதிவு.

நாள் 41, 07:10
ஓட்டம் சீர். நீர் 14 டிகிரி. ஓடையின் மேல்முனையில் உப்பும் நைட்ரேட்டும் கலந்த கரைசல் விட்டாயிற்று. நைட்ரேட்டைப் பாசி தின்னும்; உப்பை எதுவும் தொடாது. கீழே உப்பு வந்து சேர்ந்து நைட்ரேட் மட்டும் குறைந்திருந்தால், ஓடை தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. இதுதான் என் முனைவர் பட்டம். ஆறு இடங்களில் மாதிரி எடுத்தேன். என் நாலு மாத மகள் மினு முதுகில் தூங்கினாள். இங்கே நாங்கள் இருவர்தான். கைக்குழந்தைக்காரி என்று எல்லா இடத்திலும் முகம் திருப்பினார்கள். என் ஆய்வு வழிகாட்டி தனஞ்செயன் சார் மட்டும்தான் "பாப்பாவையும் கூட்டிட்டு வாம்மா" என்றார்.

நாள் 48, 16:30
சார் சொன்னபடி கரைசலை இரட்டிப்பாக்கினேன். நைட்ரேட் குறையவே இல்லை. மினு பால் குடிக்க மாட்டேன் என்கிறாள். எனக்குப் பால் போதாது, பவுடர்தான். பூமியிலிருந்து சார்:
"தண்ணிய நல்லா கொதிக்க வச்சுக் கலக்கும்மா. உன் வீட்டுக்குத் தனித் தொட்டி. முதல் குழந்தைன்னா எல்லாரும் இப்படித்தான் பயப்படுவாங்க."
இனி இருபது நிமிடம் கொதிக்க வைப்பேன்.

நாள் 52, 11:05
உப்பு மீட்டரை அடுப்படிக் குழாயில் கழுவினேன். எண் ஏறியது. மீட்டர் கோளாறென்று துடைத்துவிட்டு மறுபடி காட்டினேன். ஏறியது.
காலையில் நான் விட்ட உப்பு.
தனித் தொட்டி எதுவும் இல்லை. ஓடை முடிகிற இடம் என் அடுப்படி.

நாள் 52, 11:40
கொதித்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டும், நைட்ரேட் அடர்த்தியாகும். முதல் வருஷப் பிள்ளைக்கே தெரியும். எனக்குத் தெரியும்! சாருக்குத் தெரியாதா? நைட்ரேட் ஏறினால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது. மினுவின் உதடு காலையிலிருந்து நீலம். குளிரென்று இன்னொரு சட்டை போட்டுவிட்டேன்.

நாள் 52, 13:15
கேட்டதற்கு வந்த பதில்:
"அழாம கேளு, ஜெனோவா. அடுத்த கப்பல்ல முன்னூறு குடும்பம் வருது. கைக்குழந்தைங்க எவ்வளவு தாங்கும்னு யாராவது பாத்துத்தான ஆகணும். கட்டுரையில உன் பேரும் வரும்மா."
திட்ட வரைவைக் கடைசிப் பக்கம்வரை இன்றுதான் படித்தேன். ஏழாவது மாதிரி இடம்: பெண், நான்கு மாதம். அடியில் என் கையெழுத்து. இடம் கிடைத்த சந்தோஷத்தில் பக்கம் புரட்டாமல் போட்டது.

நாள் 52, 14:20
குழாயை அடைத்தேன். கருவி கழுவ வைத்திருந்த காய்ச்சி வடித்த நீர் மூன்று லிட்டர், அது அவளுக்கு. பாக்டீரியாவுக்கு ஏற்றும் நீலச் சாயம்தான் இந்த நைட்ரேட் நஞ்சுக்கு மருந்து என்கிறது மருத்துவக் கையேடு. எந்த ஆய்வகத்திலும் இருக்கும். அலமாரி முழுக்கத் தேடினேன். இல்லை. சரக்குப் பட்டியலில் அந்த ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் சாரின் கையெழுத்து: "அளவீட்டைக் கெடுக்கும்."

நாள் 52, 16:00
திரை ஏழாவது இடத்தின் அளவீடு கேட்கிறது. தர மாட்டேன்.
குழந்தையோடு வருகிறவர்களே, இந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காதீர்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். அழுகிறாள். அழட்டும், அழுதால் மூச்சு இருக்கிறது. அவள் ஏழு இல்லை. அவளுக்குப் பேர் இருக்கிறது. மினு. மினு, அழும்மா. மினு