அட்டையின் பின்பக்கம்

3-8-1943
என் ஓர்ப்படி, மைத்துனர் பெண்டாட்டி ருக்குவும் நானும் ஒரே பத்திரிகைக்கு இரண்டு எஜமானிகள். வந்ததும் அட்டைப் படம் என் பெட்டிக்கு, தொடர்கதைப் பக்கங்கள் அவள் பைண்டுக்கு. நான் கதை படிப்பதேயில்லை, எனக்குப் படம்தான். ஆறு வருஷத்து அட்டைகளைக் கசங்காமல் வைத்திருக்கிறேன்.

போன வருஷம் அவளுக்குப் பிறந்தது தங்கவில்லை. இப்போது ஏழாம் மாசம். கதையில் வரும் கோமளமும் பிள்ளையாண்டிருக்கிறாளாம். "அவ நல்லபடியா பெத்துப் பொழைச்சா நானும் பொழைப்பேன், மன்னி" என்கிறாள். அசடு! அடுத்த வாரம் கதை முடிகிறது. அந்த வாரமே வியாழக்கிழமை அவள் பிரசவத்துக்குப் பாலக்காடு போகிறாள்.

10-8
பத்திரிகை வந்தது. யுத்தக் காகிதப் பஞ்சம் — கதையின் முடிவை அட்டையின் உள்பக்கத்தில் அடித்திருக்கிறான். முன்னால், தாழம்பூப் பின்னலோடு ஒரு பெண், கொள்ளை அழகு. சும்மா திருப்பிப் படித்தேன். கோமளம் பிரசவத்தில் செத்துப்போகிறாள். பாவி! எழுதின கையில் கொள்ளி வைக்க. அவன் வீட்டில் பெண்டுகளே கிடையாதா?

அட்டையைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். கீழ்வீட்டு ஷ்யாமளாவும் இதை வாங்குகிறவள். ஓடிப்போய், "ருக்குகிட்ட வாயைத் திறந்தியோ, தொலைச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

11-8
வீட்டில் நான்தான் ராக்ஷஸி. "ஒரு காகிதத்துக்காகப் பிள்ளைத்தாச்சியை அழவிடறயே, நீயெல்லாம் ஒரு மனுஷியா?" என்று இவர் கத்தினார். ருக்கு சாப்பிடவில்லை. "படத்தை நீங்களே வச்சுக்கோங்கோ, மன்னி. படிச்சுட்டுத் தந்துடறேன்" என்று கெஞ்சினாள். தொட்டால் கிழித்துவிடுவாய் என்றேன். வேறு என்ன சொல்ல? சொல்லித் தொலைத்துவிடலாமா? — மாட்டேன்.

12-8
முடிவைக் காப்பி எடுத்திருக்கிறேன் என்று சொல்லி, நானே எழுதியதைக் கொடுத்துவிட்டேன். கோமளத்துக்குப் பெண் குழந்தை. புருஷன் மெட்ராஸிலிருந்து ஓடிவந்து தொட்டிலை ஆட்டுகிறான். தாதர் ஸ்டேஷனில் வண்டி ஏறும்போது ருக்கு காகிதத்தை வாங்கிக்கொண்டாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

22-10
இன்னும் தந்தி இல்லை.

24-10
தந்தி! பெண். இரண்டு பேரும் சௌக்கியம். அப்பாடா.

30-1-1944
ருக்கு வந்துவிட்டாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"கோமளத்தோட புருஷன் எட்டாம் அத்தியாயத்துலயே ரங்கோன்ல குண்டு விழுந்து செத்தாச்சு, மன்னி. நீங்க அவனை மெட்ராஸ்லேந்து கூட்டிண்டு வந்துட்டேளே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதையைப் படித்திருந்தால்தானே!

"அப்போ ரயில்லயே தெரிஞ்சுடுத்தா?"

"புனா தாண்டறதுக்குள்ள. நிஜ முடிவுல கோமளம் செத்துட்டா, அதான் மறைச்சேள்னு புரிஞ்சுடுத்து. அழுதேன். நீங்க படத்துக்காகச் சண்டை போடலைன்னும் அப்போதான் புரிஞ்சுது. வலி எடுத்தப்போ அந்தக் காகிதத்தைத் தலகாணிக்கு அடியில வச்சுண்டேன்."

பெட்டியைத் திறந்து அட்டையை அவளிடமே கொடுத்துவிட்டேன். கதை முழுக்க, கிங்ஸ் சர்க்கிளில் பைண்டு போடும் கரீம் பாட்சாவிடம் போகிறது. இரண்டு முடிவையும் சேர்த்துத் தைக்கச் சொல்லப்போகிறாள். என்னுடையதுதான் கடைசியில் வரவேண்டுமாம்.