வில்லடியில் உட்கார்ந்த இரண்டு கட்சிகள்

திருவனந்தபுரம்
ஓணம் கழிந்த திங்கட்கிழமை

அன்பு மகன் அனூப்புக்கு,

அம்மா எழுதுவது. டப்ளினில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் இங்கே எங்கள் பொழுது விடிகிறது. நாங்கள் எல்லோரும் சுகம், அப்பாவுக்கு மட்டும் விலா வலி, சிரித்துச் சிரித்து வந்தது, மருந்து வேண்டாம். போனில் சொன்னால் எனக்கும் பாதியில் சிரிப்பு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நம் மாடியில் வாடகைக்கு இருக்கும் ராகேஷ், ஜார்க்கண்டிலிருந்து விழிஞ்ஞம் துறைமுக வேலைக்கு வந்தவன், ஓணம் கழிந்ததும் மனைவி குழந்தையோடு காலி செய்ய வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டது. தெருவில் ஒரு செருப்பு காணாமல் போனாலும் அவன்மேல்தான் கண், போலீஸ் சான்றிதழ் கொண்டு வா என்று வேறு கேட்டார்கள். செயலாளர் பகவதிப்பெருமாள் அண்ணாச்சியும் பொருளாளர் மோகனகுமார் சாரும் எதிரெதிர்க் கட்சி, தெருவிளக்கை எங்கே நடுவது என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள், இதில் மட்டும் ஒரே குரல். வெளியாளு நமக்கு வேண்டாம் பாத்துக்கோ என்றார் அண்ணாச்சி, அதுதன்னே சேச்சி என்று ஆமோதித்தார் சார். பஸ்ஸில் ஒருவன் உன்னை ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்னதை நீ விளையாட்டுபோலச் சொன்னாயே, அந்த வாரம்தான் இதுவும். அங்கே வந்து உன் பக்கத்து இருக்கையில் என்னால் உட்கார முடியாது, இங்கே சும்மா இருக்கவும் முடியவில்லை. சண்டைக்குப் போனால் இருவரும் இன்னும் நெருங்கிவிடுவார்களே என்று யோசித்து, ஓண விழாவில் நானும் அடுத்த வீட்டுப் பொன்னம்மை அக்காவும் வில்லுப்பாட்டு நடத்துகிறோம் என்று பெயர் கொடுத்தேன். வில்லுப்பாட்டில் பாடுகிறவர் எதைச் சொன்னாலும் பக்கத்தில் இருப்பவர்கள் ஆமா போட வேண்டும் அல்லவா, அதற்கு அவர்கள் இருவரையும் அழைத்தேன். அண்ணாச்சி சம்மதித்தார் என்று கேட்டதும் சாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மேடையில் யார் ஆமா பெரிசு என்று போட்டி. அத்தப்பூக் கோலத்துக்குப் பூ வந்தது தோவாளையிலிருந்து என்று பாடினேன், ஆமா. அரிசி ஆந்திராவிலிருந்து, ஆமா. அண்ணாச்சி பூதப்பாண்டியிலிருந்து, சார் தலைச்சேரியிலிருந்து, ஆமா ஆமா. ஓணத்துக்கு வரும் மாவேலி மன்னர் பாதாளத்திலிருந்து, அவரிடமும் போலீஸ் சான்றிதழ் கேட்கப் போகிறோம், அதற்கும் ஆமா, சிரிப்பில் கூட்டம் நாற்காலியில் உட்காரவில்லை. எனக்கு மட்டும், பெரியவர்களைச் சபையில் வைத்துக் கேலி செய்கிறோமே, கோபம் வந்தால் ராகேஷுக்கு நாளைவரைகூடத் தவணை கிடைக்காதே என்று பயம். ஆனாலும் தாளத்தை விடாமல், மாடி வீட்டு ராகேஷ் குடும்பம் மாடியிலேயே இருக்கட்டும் என்று இழுத்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு, தொண்டை கிழிய, ஆமா. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று தெரிந்தது. தெருவே கை தட்டுகிறது, அவர்கள் இருவரின் மனைவிமார்தான் அதிகம். அண்ணாச்சி சாரைப் பார்க்கிறார், சார் அண்ணாச்சியைப் பார்க்கிறார். முதலில் வாக்கு மாறியவன் என்று எதிர்க்கட்சிக்காரன் தெருவெல்லாம் சொல்லிவிடுவானே, அதனால் இரண்டு பேரும் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

மறுநாள் காலை அண்ணாச்சி மாடியேறி, ஒன்னை இருக்கச் சொன்னது நாந்தான்டே என்றாராம். அவர் இறங்கிய கொஞ்ச நேரத்தில் சார் ஏறி, தான் சொன்னதால்தான் அவன் இருக்கிறான் என்பதுபோல, ஞான் பறஞ்ஞதுகொண்டா என்றாராம். சேச்சி, யாருக்கு நன்றி சொல்ல என்று ராகேஷ் மலையாளத்தில் என்னிடம் கேட்டான். இரண்டு பேருக்கும் சொல்லு, தனித்தனியாகச் சொல்லு என்றேன். குழந்தையைப் பக்கத்து அங்கன்வாடியில் சேர்க்க இன்று போயிருக்கிறார்கள்.

மக்களே, அனூப், நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி தனியாக நடக்காதே. உனக்கு நல்ல மனிதர்களே வந்து வாய்க்க வேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட மறக்காதே, அவர் நடித்தே காட்டக் காத்திருக்கிறார், முதல் தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொள்.

என்றும் உன் நலம் விரும்பும்
அம்மா
வடிவாம்பாள்