நாகக்கன்னிக்குக் கால் மரத்துப் போனால்

மண்ணூர்பேட்டை,
மே மாதக் கடைசி ஞாயிறு.

அன்புள்ள ஆக்னஸுக்கு,

தாட்சாயிணி எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் நலம் என்று போனில் சொன்னாய். அதை நான் நம்பவில்லை. ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படி. உன் பிள்ளை லாரன்ஸ் தங்கமானவன்தான். ஆனால் புனேயில் சென்ட்ரல் ஸ்கூலில் இந்தி படித்து வளர்ந்ததால் அவனுக்குத் தமிழ் படிக்க வராது. இந்தக் கடிதத்துக்கு அது நல்லது.

முதலில் ஒரு வழக்கைத் தீர்த்துவிடுகிறேன். நம் பழைய பொருட்காட்சிக் கொட்டகை வாசலில் தொங்கிய படுதாவில் வரைந்திருந்தது என் முகம், உன் முகம் இல்லை. போன வாரம் நீ உன் மருமகளிடம் அரைகுறை இந்தியில் அது உன் முகம்தான் என்று சொன்னது ஸ்பீக்கரில் எனக்கு நன்றாகக் கேட்டது. எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டாய். நோட்டீஸையும் போஸ்டரையும் எழுத்துக் கூட்டி நானே தமிழ் படித்தவள். டிவி பார்த்து இந்தி கற்றுக்கொள்ள எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் படத்தில் இடது கன்னத்தில் மச்சம் இருந்தது. எழுந்து போய்க் கண்ணாடியைப் பார், உன் கன்னத்தில் மச்சம் இருக்கிறதா என்று. வரைந்தவன் பிரஷ்ஷிலிருந்து பெயிண்ட் சொட்டிவிட்டது என்று இத்தனை வருடமாக நீ சொல்லும் கதையை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

இங்கே வெயில் ஆளைத் தின்கிறது. கரண்ட் போய்ப் போய் வருகிறது. பக்கத்து வீட்டு விஜி, ஆவடியில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள், வா பெரிம்மா என்று இழுத்துக்கொண்டு போனாள். ராட்டினம், டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. பஜ்ஜியைப் பார்த்ததும் நம்மோடு வித்தை காட்டிய, டியூப்லைட் தின்கிற கங்காதரன் ஞாபகம் வந்தது. ஒரு பெட்டி டியூப்லைட்டைக் கடித்துத் தின்பான், ஒன்றும் ஆகாது. ரெண்டு பஜ்ஜி தின்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவான்.

ராட்டினத்துக்குப் பின்னால் என்ன கொட்டகை இருந்தது தெரியுமா? நாகக்கன்னி! நம்முடையதேதான். மேஜையில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு மேலே பெண் தலை, தலையைச் சுற்றிப் பஞ்சடைத்த பாம்பு உடம்பு. கீழே பெட்டிக்குள் கைகாலை மடக்கிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பதை யாரும் பார்க்க முடியாது. வாசலில் ஒரு பையன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ விளம்பரம் படிப்பதுபோலப் படித்தான். எனக்கு வயிறு எரிந்தது. நம் மோகன் எப்படிக் கூவுவான்! "வா நைனா, வாம்மா! தல பொண்ணு, ஒடம்பு பாம்பு! பெத்தவங்க பேச்சக் கேக்காம சாபம் வாங்கிகினு வந்துகீது! கேள்வி கேட்டா பதில் சொல்லும், கிட்ட போனா கொத்தும்!" அவன் சர்க்கஸில் பபூனாக இருந்தபோது குழந்தைகளெல்லாம் அவனைப் பார்த்து அலறி அழுததால்தான் கம்பெனிக்காரன் துரத்திவிட்டான். நம்மிடம் வந்த பிறகும் அந்தச் சிவப்பு மூக்கைக் கழற்றவே இல்லை. ஜலதோஷம் பிடித்தாலும் அதற்கு மேலேயே துடைத்துக்கொள்வான். நீயும் நானும் வீட்டுக்குச் சொல்லாமல் ஓடிவந்தவர்கள் என்பதால், அவன் கூவிய சாபக் கதையில் பாதி உண்மையும் இருந்தது.

உள்ளே போனேன். ஜனங்கள் கேள்வி கேட்டார்கள். நானும் கேட்டேன், என்ன சாப்பிடுவாய் என்று. அந்தப் பெண் நூடுல்ஸ் என்றாள். ஆக்னஸ், எனக்கு வந்த கோபத்தை நினைத்துப் பார். நமக்கு மோகன் சொல்லிக்கொடுத்த பதில் என்ன? "எனக்கு ஒரு கொறையும் இல்ல. பாலும் பழமும் குடுக்கறாங்க. எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க." நான் ஒருநாளும் ஒரு எழுத்துத் தவறவில்லை. நீதான் பூந்தமல்லியில் சாயங்கால ஆட்டத்தில் மீன் குழம்பு என்று உளறினாய். மத்தியானம் என்னைப் பார்த்துவிட்டுப் போன ஆளே மறுபடி வந்து நின்று, "இன்னாமே, மத்தியானம் பாலு பயம்னே, இப்போ மீன் கொயம்புன்றே?" என்று சண்டைக்கு வந்தான். மோகன் கண்ணிமைக்காமல், "மத்தியானம் சைவப் பாம்பு, சாயங்காலம் அசைவப் பாம்பு அண்ணாத்தே!" என்று சமாளித்தான். உனக்குப் பொய் சொல்ல வராது. அது உன் குறை, அன்றைக்கே சொன்னேன்.

சரி, நூடுல்ஸ்காரியைத் திட்டலாம் என்று திரைக்குப் பின்னால் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை. பாத்ரூம் போக வேண்டும், மாற்ற ஆளே இல்லை என்று கண்ணில் தண்ணீரோடு சொன்னாள். நாமாவது இரண்டு பேர் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். நீ போடி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் இறங்கிவிட்டேன். சிரிக்காதே. நான் இன்னும் ஒல்லிதான். லாரன்ஸ் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன், இனி அந்தப் பெட்டிக்குள் நீ நுழைய முடியாது.

திரை திறந்தது. முன்வரிசையில் ஒருவன், "டேய், நாகக்கன்னி கெயவி ஆயிட்டாடா!" என்று கத்தினான். நான் விடவில்லை. "சாபம் இன்னும் தீரலப்பா, நீ எப்போ ஒங்கம்மா பேச்சக் கேக்கப் போற?" என்றேன். கொட்டகையே சிரித்தது. அவன் அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள், அவள்தான் அதிகம் கைதட்டினாள். விஜி மட்டும் வாயைப் பிளந்தபடி டெல்லி அப்பளத்தைக் கீழே போட்டுவிட்டாள். "பெரிம்மா, உள்ள இன்னா பண்றே நீ?" என்று கேட்டாள். அதுவும் ஒரு கேள்விதானே என்று, பாவம் தீர்க்கிறேன் மகளே என்று பதில் சொன்னேன்.

அப்புறம் ஒரு சின்னப் பெண் குழந்தை மேஜைக்கு அருகில் வந்து, உனக்கு உள்ளே கஷ்டமாக இல்லையா என்று கேட்டது. என் வாய் தானாகச் சொல்லிற்று. எனக்கு ஒரு குறையும் இல்லை, பாலும் பழமும் தருகிறார்கள், எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

சொல்லி முடித்ததும் எனக்குத் திக்கென்றது. போன வாரம் போனில் நீ சொன்னது இதையேதான், ஆக்னஸ். அதே சொல், அதே ராகம். நான் அப்போது கவனிக்கவில்லை, படுதாச் சண்டையில் இருந்தேன். நீ மீன் குழம்பு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். பதினான்காம் மாடியில், பேச ஆள் இல்லாமல், காலையில் மகனும் மருமகளும் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிற வீட்டில், பாலும் பழமுமாம். யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. மோகன்கூட நம்மை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். பெட்டி பெட்டிதானே?

கதை இன்னும் இருக்கிறது. அதற்குள் எனக்குக் கால் மரத்துப்போய்விட்டது. இனி உட்கார முடியாது என்பதற்கு நாம் வைத்திருந்த குறிப்புப்படி, "மழை வரப்போகுது" என்றேன். மோகன் இருந்திருந்தால் அந்த நொடியே, "நாகக்கன்னி வாக்கு சொல்லிட்டா, அல்லாரும் கன்னத்துல போட்டுகினு கெளம்புங்க!" என்று திரையை இழுத்துவிட்டு, அக்குளில் கைகொடுத்து நம்மைத் தூக்கியிருப்பான். ஒருதடவை நிஜமாகவே மழை கொட்டி, மறுநாள் நாலு பேர் தேங்காய் பழத்தோடு உன் முன்னால் வந்து நின்றார்களே! இந்த மைக் பையன் என்ன செய்தான் தெரியுமா? போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "மய இல்லமா, நாப்பது டிகிரி காட்டுது" என்றான். நான் மறுபடி சொன்னேன். அவன் மறுபடி போனைப் பார்த்தான். நூடுல்ஸ்காரி திரும்பி வரும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். விஜியும் அவளும் சேர்ந்து என்னை வெளியே உருவி எடுத்தார்கள். இன்றைக்கும் இடது முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. வெளியே புரிந்துகொள்ள ஒரு ஆள் இருந்தால்தான் அந்த வார்த்தைக்குப் பலன்.

வேறு விசேஷம் இல்லை. பக்க அறை காலியாகத்தான் இருக்கிறது. வேலப்பன்சாவடி காலேஜில் படிக்கிற பெண்கள் வாடகைக்குக் கேட்டு வந்தார்கள், கொடுக்கவில்லை. காரணம் ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்தால் உன்னால் எழுந்திருக்க முடியாதே என்று ஒரு கட்டில் வாங்கிப் போட்டேன். அதற்கும் காரணம் ஒன்றும் இல்லை. பாடி மார்க்கெட்டில் வஞ்சிரம் விலை ஏறிவிட்டது, சங்கரா பரவாயில்லை.

வா என்று நான் உன்னை அழைக்கப் போவதில்லை. கல்யாணமாகி என்னைப் பெட்டியில் தனியாக விட்டுவிட்டுப் போனவள் நீ. நான் ஏன் அழைக்க வேண்டும்? உனக்குக் கை நடுங்குகிறது, கடிதம் எழுத மாட்டாய். போனிலோ எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நீ ஒன்றும் விளக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு பேசும்போது, மழை வரப்போகிறது என்று மட்டும் சொல். நான் ரயில் ஏறிவிடுவேன். லாரன்ஸிடம் என்ன பேச வேண்டுமோ அதை என் இந்தியில் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. ஆனி பிறந்தால் புனேயில் நிஜமாகவே மழை பெய்யுமாம், டிவியில் சொன்னார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வாய் தவறி நீ மழை என்று சொன்னாலும் நான் வந்து நிற்பேன், பிறகு என்னைக் குறை சொல்லாதே. குடையை இப்போதே பையில் வைத்துவிட்டேன்.

உன் ஏசுவும் என் மாரியாத்தாளும் உன் கால்களுக்குத் துணையிருக்கட்டும். ராத்திரியில் அவற்றை நன்றாக நீட்டிப் படு.

இப்படிக்கு,
படுதாவில் முகம் இருந்தவள்,
தாட்சாயிணி