அம்மா பொடி

ஜனவரி 9

அருமைத் தங்கைக்கு,

நலம்தானே? நான் இந்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேளைக்கு முந்நூறு பேருக்குக் கிண்டிக்கொண்டிருக்கிறேன். நோயாளிகள் குறை சொல்வதில்லை, அவர்களுக்கு நாக்கே செத்துக் கிடக்கிறது.

உன் கடிதத்தின் அடியில் பெரியவள் ஒரு வரி எழுதியிருந்தாள். "அம்மா, சித்தி செய்ற பருப்பு மாதிரி யாராலயும் செய்ய முடியாது." யாராலும் என்றால் அதில் நானும் சேர்த்தியா? உன் அத்தான் கண்ணை மூடியபின், பிள்ளைகளை உன்னிடம் விட்டுவிட்டுப் பிழைப்புக்காக வெளியூர் வந்தேன். இரண்டே வருஷம். அதற்குள் பிள்ளைகளின் நாக்கு இப்படியா கட்சி மாறும்? எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை.

மசாலா வறுத்து அரைத்து ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். இனிமேல் பருப்பில் உன் கைவரிசை வேண்டாம். அம்மா பொடி என்று பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லிப் போடு.

உன் அக்கா

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

டப்பா வந்தது. நீ சொன்னபடியே சொல்லிப் போட்டேன். சின்னவன் தட்டை வழித்து நக்கிவிட்டு, "அம்மா பொடின்னா அம்மா பொடிதான்" என்றான். பெரியவள் மூன்றாம் தடவை கேட்டாள், பாத்திரத்தில்தான் இல்லை. இப்போது திருப்தியா?

நீ அனுப்பும் பணமும் நான் பட்டன் தைத்து வாங்கும் கூலியும் சேர்ந்தும் மாதக் கடைசியில் இழுபறிதான். கடை கட்டுகிற நேரம் பார்த்துச் சந்தைக்குப் போனால் அடிபட்ட தக்காளி, வாடின கீரை சல்லிசாகக் கிடைக்கும். உருளைக்கிழங்குத் தோலைக்கூட எறிவதில்லை, மொறுமொறுவென்று வறுத்துவிடுகிறேன். ஒரு முட்டையில் மாவு கரைத்து மூன்று ஆம்லெட். உன்னுது மட்டும் ஏன் குட்டியா இருக்குன்னு சின்னவன் கேட்டால், எனக்குப் பசியில்லை என்பேன்.

உன் தங்கை

மார்ச் 2

தங்கைக்கு,

உன் கடிதத்தை இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டேன். "அந்தப் பொடிய எங்க கண்ணுலயும் காட்டுங்கம்மா" என்கிறார் தலைமைச் சமையல்காரர். என்ன இருந்தாலும் பெற்றவள் கை பெற்றவள் கைதான். நீ வருத்தப்படாதே. உனக்குச் சின்ன வயதிலிருந்தே உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்.

ஏப்ரலில் ஒரு மாத லீவு. வந்ததும் கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு நீ ஓரமாக உட்கார்ந்து பட்டன் தைத்தால் போதும்.

உன் அக்கா

மார்ச் 19

அக்கா,

ஓரமாக உட்கார் என்று எழுதினாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் டப்பா வழியில் மழையில் நனைந்து வந்தது. திறந்தால் பொடி முழுக்கப் பூசணம். குப்பையில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவிக் காயவைத்து, என் பொடியை நிரப்பி, அம்மா பொடி என்று நீ எழுதி அனுப்பிய சீட்டையே மேலே ஒட்டினேன். இரண்டு மாதமாக அவர்கள் தட்டை நக்குவது என் பொடிக்கு.

உன் மனசு நோகக்கூடாது என்றுதான் பொய் சொன்னேன். ஆனால் தினமும் அம்மா பொடி, அம்மா பொடி என்று கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சந்தையில் பொறுக்குவது நான், அடுப்படியில் வேகிறது நான், பேர் மட்டும் உனக்கு. உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு இந்தப் பருப்பு ஒன்றுதான் இருந்தது. அதையும் நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

நீ வந்து சமைத்தால், "இது அம்மா பொடி இல்லயே" என்பார்கள். அதை உன்னால் தாங்க முடியாது. அதனால் என் பொடியின் அளவும் பக்குவமும் தனித்தாளில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், வருவதற்குள் பழகிக்கொள். ஒரு சாமானை மட்டும் எழுதவில்லை. அது என்னோடு இருக்கட்டும்.

தங்கை

ஏப்ரல் 3

அடி அழுத்தக்காரி,

உன் தாளை வைத்து நாலு தடவை அரைத்தாயிற்று. தலைமைச் சமையல்காரரும் தலைகீழாக நின்று பார்த்தார். வரவில்லை. அந்த ஒன்று என்னவென்று கேட்கமாட்டேன்.

பன்னிரண்டாம் தேதி வருகிறேன். டப்பாவில் இருக்கும் சீட்டைக் கிழித்துவிடு. அது யார் பொடி என்று பிள்ளைகளிடம் நானே சொல்கிறேன். சொல்லும்போது எரியத்தான் செய்யும், எரியட்டும்.

நீயே சமை. ஆனால் பரிமாறுவது நான். அதிலும் பங்குக்கு வந்தாயோ, தெரியும் சேதி. பெரிய ஆம்லெட் உன் தட்டில்தான் விழும். பசியில்லை என்று என்னிடம் சொல்லிப் பார்.

உன் அக்கா