பெஞ்சில் ஒரு மஞ்சள்

மார்ச் 4
நான் வரையும் பூங்காப் படம் மெல்ல நகர்கிறது. குளத்துத் தண்ணீர் வந்துவிட்டது, மரங்கள்தான் முரண்டு பிடிக்கின்றன. என்னோடு குடியிருக்கும் அக்கா வழக்கம்போல் எதிர் பெஞ்சில். இந்த வெயிலிலும் அதே மஞ்சள் சால்வை.

"எடுத்துடேன்க்கா" என்றேன்.

"நாளைக்கொரு நிறத்துல வந்து உக்காந்தா உன் படம் கெட்டுடாதா?"

அடுத்த மாதம் மகள் வீட்டோடேயே போய்விடப் போகிறாள். அதற்குள் படத்தில் ஏறிவிட வேண்டுமாம்.

மார்ச் 7
அக்காவைப் படத்தில் வைத்துவிட்டேன். தூரிகையில் இரண்டே இழுப்பு. எட்டிப் பார்த்தாள்.

"கண்ணு மூக்கு ஒண்ணும் காணோமேடி. உடைஞ்ச முட்டை மாதிரி இருக்கேன்."

தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கினாள். பிறகு, "ஆமா, நான்தான்" என்றாள்.

மார்ச் 15
கண்காட்சி நடத்துபவர் வந்தார். "எல்லாம் பிரமாதம். அந்த மஞ்சள்தான் உறுத்துது. கண்ணு அங்கேயே போய் நிக்குது."

பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். சாயங்காலம் பச்சையை இழுத்து அவளை மூடிவிட்டேன். படம் அடங்கிவிட்டது, பொய் சொல்லக்கூடாது. அக்காவிடம் சொல்லவில்லை. கண்டுபிடிக்கவா போகிறாள்?

மார்ச் 28
கண்காட்சிக்கு அக்கா மகளையும் கூட்டி வந்திருந்தாள். படத்துக்கு நேரே போய், நான் சொல்லிக்கொடுத்தபடியே பின்னால் நகர்ந்து, கண்ணைச் சுருக்கினாள்.

"அதோ பாரு, நான்."

அவள் காட்டியது குளத்தோரக் குப்பைத்தொட்டி. மூடியில் அடித்த வெயிலுக்காக ஒரு மஞ்சள் வைத்திருந்தேன். எல்லாமே பொட்டாக இருக்கிற படத்தில் பெஞ்சு எது, தொட்டி எது?

"சரிதானேடி?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமாக்கா."

சீ. என்ன வாய் இது. வேறென்னதான் சொல்லியிருக்க முடியும்?

மார்ச் 30
படம் விற்றுப்போய்விட்டது. திரும்பி வந்ததும் அவளை மறுபடி வைத்துவிடலாம் என்றிருந்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஏப்ரல் 5
அக்கா கிளம்பிவிட்டாள். சால்வை வீட்டில் அவள் நாற்காலியிலேயே கிடக்கிறது. மறந்துவிட்டாளோ என்று போனில் கேட்டேன்.

"அது இனி எதுக்கு? அதோட வேலை முடிஞ்சுதே."

ஏப்ரல் 19
அதே பூங்கா, புதுக் கேன்வாஸ். கண்ணில் படாததை வைக்கமாட்டேன் என்று இத்தனை வருஷம் பெருமையடித்தவள் நான்.

பெஞ்சு காலி. முதலில் மஞ்சளைத்தான் பிதுக்கினேன்.