சாமி என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பது?

என் சரோஜாவுக்கு,

பேர் சொல்லிக் கூப்பிட்டதும் வேறு யாரையோ என்று நினைத்துவிடாதே. உன்னைத்தான். நீ இருந்த காலமெல்லாம் நான் உன்னை "இந்தா" என்றேன், நீ என்னை "ஏனுங்க" என்றாய். நம் இரண்டு பேரின் பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். கடிதத்தையும் "இந்தா" என்று ஆரம்பித்தால், படிக்கிறவர்கள் நான் எதையோ தரப்போகிறேன் என்று கையை நீட்டிவிடுவார்கள். அதற்காகத்தான் பேர்.

ஆமாம், இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாய்க்குட்டி வாங்கலாமா என்று யோசிக்கிற ஆட்கள் கண்ணில் பட்டால் நல்லது. எட்டாவதில் தமிழ் ஐயா என் கட்டுரையைப் படித்துவிட்டு, "உனக்குக் கோழிப் பண்ணைதான் சரி" என்றார். அப்படியே ஆயிற்று. பிழை இருந்தால் அவரைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் நம் பையன் சேதி. கார்த்திக்கு இன்னும் பெண் அமையவில்லை. கோழிப் பண்ணை என்றால் பெண் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள், நாய்ப் பண்ணை என்றால் எழுந்தே போய்விடுகிறார்கள். "கென்னல்னு சொல்லுங்கப்பா" என்று எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். திருச்செங்கோட்டுத் தரகரிடம் நானும் அப்படியே சொன்னேன். அவர் காதில் கிணறு என்று விழுந்திருக்கிறது. "கெணறுங்களா, எத்தன அடிங்க? தண்ணி இருக்குதுங்களா?" என்றார். சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிற குடும்பத்தில் ஒரு பெண் இருக்கிறதாம், பொருத்தமாக இருக்கும் என்றார். நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய். நான் தனியாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

நாய்ப் பண்ணையா என்று கேட்கிறாயா? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உனக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது, பேச்சுத் துணைக்கு ஆகட்டும் என்று கார்த்தி சேலத்திலிருந்து ஒரு லாப்ரடார் நாய்க்குட்டியைக் கொண்டுவந்து உன் கட்டிலில் விட்டானே, நினைவிருக்கிறதா? அதற்கு ஸ்டைலாக ஒரு பேரும் வைத்தான். அந்தப் பேர் உன் வாயில் நுழையவில்லை. "சாமி, இங்க வா சாமி" என்றாய். நீ யாரைத்தான் சாமி என்று சொல்லவில்லை? கார்த்தி சாமி, பால்காரர் பேத்தி சாமி, கோபம் வந்தால் நானும் சாமி. குட்டிக்கு அதெல்லாம் தெரியுமா? தன் பேரே சாமிதான் என்று முடிவு செய்துவிட்டது. நீ போன பிறகும் யாராவது பூஜைப் படத்தைப் பார்த்து "சாமி" என்று கும்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வரும்.

நீ போன அடுத்த வருஷம் சாமி தன் முதல் ஈத்து போட்டது. உன் கட்டிலுக்கு அடியில்தான். இழவு வீடு மாதிரி இருந்த வீட்டில் குட்டிகள் சத்தம் கேட்டது. கார்த்தி படம் எடுத்து போனில் போட்டான். கண் திறக்கும் முன்பே எல்லாக் குட்டிக்கும் ஆள் வந்துவிட்டது. அதன் பிறகும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பண்ணையில் முட்டை விலை படுத்துக் கிடந்த நேரம். இருந்த கோழியை எல்லாம் கழித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையை, அந்தக் கோழி செட்டை, சும்மா போட்டிருந்தோம்.

மீதியை நீயே ஊகித்திருப்பாய். கார்த்தி அந்தக் கோழிக் கூண்டுகளைக் கொஞ்சம் அகலமாக்கி, கொஞ்சம் உயரமாக்கினான். அடியில் அதே மாதிரி கம்பி வலை. பீ கீழே விழுந்துவிடும், கழுவ வேண்டியதில்லை. கோழிக் கூண்டில் முட்டை உருண்டு வருகிற மாதிரி குட்டி உருண்டு வரவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். எந்தெந்த ஊரிலிருந்தோ பெட்டை நாய்களை வாங்கி வந்து நிறைத்தான். பருவத்துக்குப் பருவம் சேர்க்கை, ஈத்துக்கு ஈத்து குட்டி. பால் குடி மறக்கும் முன்பே குட்டி கைமாறிவிடும். நம் சாமியும் செட்டுக்குப் போனது.

நான் கேட்காமல் இல்லை. "ஏண்டா, நாயைப் போய்க் கூண்டுல வச்சு இப்பிடி ஈத்தெடுக்கறது நல்லாவா இருக்குது?" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. தீவனம் அள்ளிக்கொண்டே சொன்னான். "கோழிக்கு நாம செஞ்சதுதானுங்களே அப்பா. அதுல வந்த காசுலதானுங்க என்னையப் படிக்க வச்சீங்க. அப்ப ஒண்ணுஞ் சொல்லலீங்களே."

இதற்கு உனக்காவது பதில் வருமா? முட்டை குறைந்த கோழியைக் கழித்து லாரியில் ஏற்றுகிற நாளில் நீ மேச்சேரிக்கு உன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாய். "அந்தச் சத்தம் எனக்கு ஆவாதுங்க" என்பாய். நான் மட்டும் என்ன கிழித்தேன்? ஆட்களை ஏற்றச் சொல்லிவிட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். நாம் இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்காமலே குடும்பம் நடத்தினோம். அவன் பார்த்துக்கொண்டே நடத்துகிறான்.

இதில் எனக்கும் ஒரு வேலை உண்டு. சிரிக்காதே, நடிப்பு வேலை. குட்டி வாங்க வருகிறவர்களுக்குக் கூண்டு பிடிக்காது. வீட்டில் பிள்ளை மாதிரி வளர்ந்த குட்டிதான் வேண்டும். அதனால் ஆள் வருகிறார்கள் என்றால் குட்டியைக் குளிப்பாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார வேண்டும். குட்டி என் மடியில். தாத்தா வேஷம். காலடியில் சாமியைப் படுக்கவைத்து, "இதுதானுங்க தாய்" என்பான். எந்தப் பெட்டை போட்ட குட்டியாக இருந்தாலும் காட்டுகிற தாய் சாமிதான். வீட்டுப் பழக்கம் தெரிந்த நாய் அது ஒன்றுதானே.

வருகிறவர்கள் சுவரில் உன் படத்தைப் பார்ப்பார்கள். "அம்மா இல்லீங்களா?" என்று குரலைத் தாழ்த்துவார்கள். அதற்கு மேல் விலையைப் பற்றிப் பேச மாட்டார்கள். போய்ச் சேர்ந்த பிறகும் நீ வியாபாரத்துக்கு உதவிக்கொண்டுதான் இருக்கிறாய், சரோஜா.

அவர்கள் காரில் ஏறியதும் சாமி உன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துத்தான் செட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆரம்பத்தில் இழுக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. போகப் போக அதுவே எழுந்து நடந்தது. இரண்டில் எதைப் பார்ப்பது கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போன மாதம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. பெரியவர்கள் கார்த்தியிடம் தடுப்பூசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தை மட்டும் சாமியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தாத்தா, இதுதான் அம்மாவா?"

"ஆமா சாமி."

"அப்புறம் ஏன் குட்டி அம்மாகிட்டப் போக மாட்டேங்குது?"

நானும் பார்த்தேன். குட்டி சாமியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. சாமியும் குட்டியை மோந்து பார்க்கவில்லை. தலையை முன்னங்காலில் வைத்துக்கொண்டு கட்டிலையே பார்த்துக் கிடந்தது. எனக்கு வேஷம் கலைந்துவிட்டது. "இதோட அம்மா பின்னால செட்டுல இருக்குது. வாங்க, காட்டறேன்" என்று எழுந்துவிட்டேன்.

கூட்டிப்போய் எல்லாக் கூண்டையும் காட்டினேன். கம்பியில் நின்று நின்று விரல் விரிந்துபோன பாதம், வளைந்து வளர்ந்த நகம், தொங்கிப்போன மடி. மனிதச் சத்தம் கேட்டதும் எல்லா நாய்களும் குரைத்தன, குட்டியின் சொந்தத் தாயைத் தவிர. குழந்தையின் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். அவர் கணவர் ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்தார். சரி, இந்த வியாபாரம் இன்றோடு ஒழிந்தது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

"பாவமுங்க" என்றார் அவர். "இந்தக் குட்டியவாவது நாங்க காப்பாத்திட்டோம்னு இருக்கட்டும்."

வாங்கிக்கொண்டு போனார்கள். குழந்தை மட்டும், "அந்த அம்மாவையும் கூட்டிட்டுப் போலாம்ப்பா" என்று காரில் ஏறுகிறவரை அழுதது. அதன் அப்பா நல்ல மனுஷர்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் இரக்கப்பட்டுக் கொடுத்த பணத்தில்தான் அடுத்த பெட்டை வந்தது. இதை அவருக்கு யார் சொல்வது? சொன்னாலும் மடியில் தூங்குகிற குட்டியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

கார்த்தி என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சிரித்தான். "அடுத்த தடவையும் செட்டக் காட்டிப்போடுங்கப்பா. பாவம் பாத்துச் சீக்கிரமா வாங்கிக்கறாங்க." விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். பிறகு வந்தவர்களை அவனே செட்டுக்குக் கூட்டிப்போனான்.

போன வாரம் சாமிக்கு முடியவில்லை. வயிற்றை அறுத்துத்தான் குட்டிகளை எடுக்க வேண்டியிருந்தது, ஒன்றும் பிழைக்கவில்லை. "இன்னொரு ஈத்து இது தாங்காதுங்க. கர்ப்பப்பை போச்சு" என்று சொல்லிவிட்டு டாக்டர் கை கழுவப் போனார்.

கார்த்தி போனை எடுத்தான். ஓய்ந்த பெட்டைகளை வாங்கிக்கொண்டு போக ஒரு ஆள் வருவான். எங்கே கொண்டுபோகிறான் என்று நான் கேட்டதில்லை. "ஒண்ணு கழிச்சு உடோணுங்க. வண்டி எப்ப வருமுங்க?" என்று கார்த்தி பேசியது காதில் விழுந்தது. கழிக்கிறது என்பது நம் வீட்டுச் சொல்தான். அவன் காது கேட்க நாம் ஆயிரம் தடவை சொன்ன சொல்.

செட்டுக்குப் போனேன். கூண்டுக்கு முன்னால் கார்த்தி முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். சாமி உள்ளே ஒருக்களித்துக் கிடந்தது. இத்தனை நாளில் அந்தக் கூண்டுக்கு எதிரே நின்று நான் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டேன்.

"சாமி."

நாய் காதைக்கூட அசைக்கவில்லை. கார்த்திதான் சட்டென்று திரும்பினான்.

"என்னங்கப்பா?"

நீ போன பிறகு அவனை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை போல. தூக்கத்தில் தட்டி எழுப்பின மாதிரி விழித்துக்கொண்டு நின்றான். நான் அவனைக் கூப்பிடவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் நாயைத்தான் கூப்பிட்டேன் என்று அவனே புரிந்துகொண்டு கூண்டைப் பார்த்தான். தாழ்ப்பாளை நீக்கினான்.

"கொண்டு போங்க" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மகன் மனசு மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுநாளே அந்தக் கூண்டில் ஒரு இளசு வந்துவிட்டது. கம்பியை நக்கிக்கொண்டு நிற்கிறது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

சாமி இப்போது வீட்டில்தான் இருக்கிறது. உன் கட்டிலுக்கு அடியில் பழைய சேலையை விரித்தேன். முன்பெல்லாம் ஓடிப்போய்ப் படுத்த இடம்தான், இப்போது அங்கே படுக்கவில்லை. மண் தரையில் கால் வைக்கக் கூசுகிறது. சிமெண்டுத் தரையிலும் நிற்கத் தெரியாமல் நிற்கிறது. கடைசியில் எங்கே போய்ப் படுத்தது தெரியுமா? துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சாக்கடையை மூடிப் போட்டிருக்கிறோமே ஒரு இரும்புக் கம்பி மூடி, அதன் மேல். அதில்தான் தூக்கம் வருகிறது அதற்கு. தூக்கிக்கொண்டு வந்து விட்டாலும் மெல்ல நடந்து அங்கேயே போய்விடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். எந்தச் சாமியை என்று அதற்கு விளங்கவில்லை.

ரொம்ப நாள் தாங்காது என்கிறார் டாக்டர். செட்டை மூட என்னால் ஆகாது, சரோஜா. அவனுக்குப் பதில் சொல்லவும் ஆகாது. வாசலுக்கு வருகிறவர்களிடம், பாவம் பார்த்துக்கூட வாங்காதீர்கள் என்று சொல்வேன். கேட்டுக்கொள்வார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்தவர்களிடமும் சொல்வேன்.

உனக்கு ஒரே ஒரு வாக்குத் தருகிறேன். செத்த கோழிகளைப் போடுகிற குழிக்குச் சாமியை அனுப்ப மாட்டேன். இவள் போகிற நாளில் டீக்கடைக்குப் போக மாட்டேன், மேச்சேரிக்கும் போக மாட்டேன். அந்தச் சாக்கடை மூடிக்குப் பக்கத்தில், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு சாமிகளுக்கும் அப்பன்,
உன் "ஏனுங்க"